எதிலிருந்து, எதற்கு?

பேக்கப் எடுத்தீர்களா என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். ஒருத்தர் பாக்கியில்லாமல் "ஓ, எடுத்தாச்சே" என்பார்கள். அதைத் திரும்ப ஏற்றிப் பார்த்தீர்களா என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள், திருதிருவென்று முழிப்பார்கள். அந்த முழிக்கிற முகங்களை நம்பித்தான் என் வீட்டில் உலை கொதிக்கிறது. படுத்துவிட்ட கம்ப்யூட்டரைப் பழைய நகலிலிருந்து எழுப்பி உட்காரவைப்பது என் தொழில். பெயர் கோகிலவாணி. ஆபீசில் எனக்கு இன்னொரு பெயரும் வைத்திருக்கிறார்கள். என் வாய்க்காக வைத்தது, அதை இங்கே சொல்வதாக இல்லை.

எங்கள் கம்பெனி கோயம்புத்தூரில் கிணற்று மோட்டார் செய்து பெரிய ஆளான கம்பெனி. இப்போது கருப்பேழை செய்கிறது. வயிற்றில் தங்க முடியாமல் பாதியிலேயே வெளியே வந்துவிடுகிற குழந்தையைக் கண்ணாடிப் பேழைக்குள் வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டு, தொப்புள்கொடியைக் குழாயில் இணைத்து, மிச்ச மாதங்களை அங்கேயே கழிக்கவைக்கிற பெட்டி. கிணற்றிலிருந்து இதற்கு எப்படித் தாவினார்கள் என்று கேட்காதீர்கள். தண்ணீரோ ரத்தமோ, தள்ளுவதற்கு ஒரு பம்பு வேண்டும், பம்பைப் பற்றி நமக்கா சொல்லித்தர வேண்டும் என்றாராம் முதலாளி. பட்டறையில் நாங்கள் அதைத் 'தொட்டி' என்போம். ஆஸ்பத்திரியில் அப்படிச் சொன்னால் அடிக்க வருவார்கள்.

ஒருநாள் மத்தியானம் சோற்றில் கை வைக்கிறேன், பீளமேட்டு ஆஸ்பத்திரியிலிருந்து போன். நர்ஸ் ஜெசிந்தா.

"அக்கா, மூணாம் பேழை எந்திரிக்க மாட்டேங்குது. காலைல உங்க கம்பெனி அப்டேட் ஒண்ணு வந்துச்சு, தானா நின்னு தானா ஓடுச்சு. இப்ப வெறும் நீலத் திரைதான் நிக்குது."

"உள்ள குழந்தை?"

"கையால அமுக்கிட்டிருக்கேன். பேசாம வாங்கக்கா!"

நான் போனபோது அவள் ரப்பர் உருண்டையை அமுக்கி அமுக்கி வியர்த்து வழிந்துகொண்டிருந்தாள். பம்பு நின்றுபோனால் ரத்தத்தைக் கையால் தள்ளுவதற்காக ஒவ்வொரு பெட்டியோடும் நாங்கள் கொடுக்கிற உருண்டை அது. பக்கத்தில் டாக்டர் ஹலீமா வெப்பத்தையும் ஆக்சிஜனையும் கையாலேயே திருகிக்கொண்டிருந்தார். சுவரோரம் ஒரு சின்னப் பெண் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். பவதாரிணி, குழந்தையின் அம்மா. அவள் கணவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், சேதி கேட்டுக் கிளம்பிவிட்டானாம்.

"எத்தனை நேரம் கையால ஓட்டலாம் டாக்டர்?"

"சாயங்காலம் வரைக்கும் சமாளிப்பேன். அதுக்கு மேல என் கணக்கு தப்ப ஆரம்பிச்சிடும். மெஷின் ஒவ்வொரு நொடியும் பாத்துப் பாத்துக் கொடுக்கும். எனக்கு இருக்கறது ரெண்டு கை."

"ஏழு மாசம் தாண்டிருச்சே, வெளிய எடுத்தர முடியாதுங்களா?"

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "அஞ்சாம் மாசமே பனிக்குடம் உடைஞ்ச கேஸ் இது. தண்ணியில்லாம கிடந்ததுல நுரையீரல் வளரவே இல்ல. இங்க வந்தப்புறம்தான் மெல்ல வளருது. இன்னிக்கு வெளிய எடுத்தா மூச்சு விட முடியாது, கோகிலா. உங்க பெட்டி எந்திரிச்சாகணும்."

நான் திரையைத் தட்டினேன். 'கற்றதைத் திறக்க முடியவில்லை. நகலிலிருந்து மீட்கவா?' என்று கேட்டது.

"கத்ததுன்னா என்னங்க்கா?" பவதாரிணி எழுந்து பக்கத்தில் வந்திருந்தாள்.

"கம்பெனியிலருந்து வர்றப்ப எல்லாப் பெட்டியும் ஒண்ணுதான் கண்ணு. இங்க வந்து ஒரு குழந்தையோட பழகப் பழகத்தான் அதுக்கு விவரம் வரும். இந்தப் பாப்பா எப்பத் தூங்கும், எப்ப உதைக்கும், எந்நேரத்துக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேணும், எவ்வளவு சர்க்கரை வேணும், எல்லாம். அந்தப் பாடம்தான் காலைல அழிஞ்சுபோச்சு."

"பேக்கப் இருக்குதுங்களா?"

"அது தினமும் தானா எடுக்கும். பயப்படாத அம்மிணி."

பெரிய மனுஷி மாதிரி சொல்லிவிட்டு நகல்களின் பட்டியலைத் திறந்தேன். நேற்றைய நகல் சிவப்பு, பழுது. முந்தாநாள் நகலும் பழுது. கீழே கீழே தள்ளிக்கொண்டே போனேன், சிவப்பாகவே ஓடியது. திரையின் மூலையில் மஞ்சள் முக்கோணம் ஒன்று அப்பாவியாக உட்கார்ந்திருந்தது. 'நகல் முழுமையில்லை' என்று ஒரு மாதத்துக்கு மேலாக அது நாள் தவறாமல் சொல்லியிருக்கிறது. ஷிஃப்டுக்கு வந்த ஒவ்வொரு நர்ஸும் 'பின்னர் நினைவூட்டு' என்பதை அமுக்கியிருக்கிறார்கள். எங்கள் ஆபீசுக்கும் அதே முக்கோணம் வந்திருக்கிறது, அங்கேயும் புண்ணியவான் எவனோ அதையேதான் அமுக்கியிருக்கிறான். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. உலகத்தில் பாதிக் கேடு அந்த ஒரு பொத்தானால்தான் வருகிறது.

திட்டுவதற்கு நேரமில்லை. நகல் ஏன் பழுதாகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். பேழையிலிருந்து சுவரில் இருக்கும் சேமிப்புப் பெட்டிக்கு ஒயர் கிடையாது. அடிப்பக்கம் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கண்ணாடிக் கண் இருக்கும். அதன் வழியாக வெளிச்சமாகத்தான் நகல் போகும். தரையில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். அந்தக் கண்மேல் மஞ்சளாக ஏதோ காய்ந்து அப்பியிருந்தது, நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி. சுரண்டி மோந்து பார்த்தேன்.

"யாரு இங்க சந்தனம் பூசுனது?" என்று படுத்த வாக்கிலேயே கத்தினேன்.

"நானுங்க்கா."

எழுந்து பார்த்தால் பவதாரிணியின் முகம் வெளுத்துப்போயிருந்தது. "வளைகாப்பு அன்னிக்குப் பூசினனுங்க. குங்குமமும் வெச்சேன்."

ஜெசிந்தா அமுக்குவதை நிறுத்தாமல் சொன்னாள். "வார்டுலயே வெச்சுக்கிட்டாங்கக்கா. டாக்டர்தான் அரை மணி நேரம் அனுமதி கொடுத்தாங்க. எல்லாரும் கண்ணாடில சந்தனம் பூசுனாங்க. நான் சுத்தி வந்து துடைச்சேனே! அடில பாக்கலையே!"

"என்ற மாமியாரூட்டுல எல்லாரும் பேசுனாங்க," என்றாள் பவதாரிணி. "சொமக்காமயே பெத்துக்கறாளாமா, இவளுக்கு எதுக்கு வளைகாப்பு, யாரு கையில வளையல் போடறதுன்னு கேட்டாங்க. எனக்கு ரோசமாப் போச்சுங்க. எங்கம்மா கட்டுச்சோறு கொண்டாந்தாங்க. எனக்குப் பூசற சந்தனத்தை என்ற பாப்பாளுக்கும் பூசோணும்னு நாந்தான் பிடிவாதம் பண்ணேன். கண்ணாடில பூசுனதை உடனே துடைச்சுப்போடுவாங்கன்னு தெரியும். அதான் யாரும் பாக்காத எடமா, அடியில, நெத்தியாட்டம் வட்டமா ஒண்ணு இருந்துச்சுங்களே, அங்க வெச்சேன். அது நிக்கோணும்னு வெச்சேன். நானே என்ற புள்ளையக் கொன்னுபோட்டனுங்களா?"

கத்துவதற்காக வாயைத் திறந்தவள் அப்படியே மூடிக்கொண்டேன். என்னவென்று திட்டுவது இவளை? தன் குழந்தைக்கு நெற்றி எது என்று தெரியாமல் பெட்டியைத் தடவித் தடவித் தேடியிருக்கிறாள்.

"இன்னும் ஒண்ணும் ஆகல. சும்மா இரு, நான் பாக்கறேன்," என்று மட்டும் சொன்னேன்.

அடியிலிருந்த கண்ணாடிக் கண்ணைத் துடைத்துவிட்டேன். ஆனால் பாழான நகல்கள் பாழானவைதான். பட்டியலின் அடியில் பச்சையாக ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது, வளைகாப்புக்கு முந்தின நாள் எடுத்தது. அதற்கும் முந்தினதையெல்லாம் இடம் போதாமல் பெட்டியே அழித்திருந்தது.

"அது பழசாச்சே," என்றார் டாக்டர்.

"பழசுதான். ஒண்ணுமே இல்லாததுக்கு இது தேவலைங்க. மேல மேல கத்துக்கும்."

மீட்பு வேலையில் திரை கடைசியாக ஒன்று கேட்கும். எதிலிருந்து, எதற்கு? இந்தத் திசையை மாற்றிக் கொடுத்துவிட்டால் நல்லதன்மேல் கெட்டதை எழுதிவிடும், அதற்கப்புறம் கடவுளே வந்தாலும் எடுக்க முடியாது. இரண்டு தரம் பார்த்துவிட்டு அமுக்கினேன். நகலிலிருந்து, பேழைக்கு.

பெட்டி எழுந்தது. பம்பு உறுமி ஓட ஆரம்பித்தது, வரிசையாகப் பச்சை விளக்குகள். ஜெசிந்தா உருண்டையை விட்டுவிட்டுக் கையை உதறிக்கொண்டாள். பவதாரிணி கும்பிட்டேவிட்டாள். எனக்கும் கர்வம்தான், மறைப்பானேன்.

அப்போது திரையில் ஒரு வரி வந்தது. 'உள்ளிருப்பவரின் அளவுகள் பதிவோடு ஒத்துப்போகவில்லை. சரிசெய்கிறேன்.'

"என்ன சரிசெய்யுது?" என்றார் டாக்டர். ஆக்சிஜன் குறைந்தது. ஓட்டம் குறைந்தது. குழந்தையின் இதயத் துடிப்பு படபடவென்று ஏறி, பிறகு இறங்க ஆரம்பித்தது. "கோகிலா, இது எல்லாத்தையும் குறைக்குது! ஏன்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் பெட்டிக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு மாதத்துக்கு முந்தின குழந்தை. அதைவிடப் பெரிதாக, அதைவிட அதிகம் கேட்கிற ஒன்று உள்ளே இருப்பது அதன் கணக்கில் கோளாறு. வளர்ந்த குழந்தையைப் பழைய அளவுக்குத் திரும்பக் கொண்டுபோகப் பார்க்கிறது.

"நிறுத்துங்க!" என்று டாக்டர் கத்தினார். பொத்தானைத் தேடவெல்லாம் எனக்குப் பொறுமையில்லை. பிளக்கைப் பிடுங்கி எறிந்தேன்.

பம்பு நின்றது. விளக்குகள் செத்தன. குழந்தையின் துடிப்பைக் காட்டுகிற ஆஸ்பத்திரி மானிட்டர் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. ஜெசிந்தா பாய்ந்து உருண்டையைப் பிடிக்கப் போனாள்.

"இரு, தொடாதே," என்றார் டாக்டர்.

அவர் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். பம்பு நின்றுவிட்டது, கையாலும் யாரும் அமுக்கவில்லை. ஆனால் குழாயில் ரத்தம் போய்க்கொண்டிருந்தது. நிதானமாக, துடித்துத் துடித்து, கருஞ்சிவப்பாக வெளியே வந்து, ஆக்சிஜன் வாங்கிப் பளிச்சென்று சிவந்து உள்ளே திரும்பியது. இறங்கிக்கொண்டிருந்த துடிப்பு நின்று, மெல்ல மெல்ல மேலே ஏறியது.

"யாரு தள்ளறது அதை?" என்று கேட்டேன்.

"வேற யாரு. அதோட இதயம்தான்," என்றார் டாக்டர் கண்ணை எடுக்காமல். "ஆரம்பத்துல ஆராய்ச்சி பண்ணவங்க பம்பே வேண்டாம், கொடி வழியா இதயமே தள்ளிக்கும்னுதான் சொன்னாங்க. நான் படிச்சிருக்கேன். கண்ணால இப்பத்தான் பாக்கறேன். நெல்லிக்காய் அளவு இருக்குமா அந்த இதயம்? வெளியில இவ்வளவு நீளக் குழாயையும் சேத்துத் தள்ளுதே!"

"அப்ப பம்பு எதுக்கு வெச்சாங்க?" என்றாள் ஜெசிந்தா.

"நாங்க பம்பு கம்பெனிம்மா. பம்பு இல்லாம எங்களுக்கு எதைச் செய்யத் தெரியும்?" என்றேன். சொல்லும்போதே எனக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை நாளும் பெட்டி குழந்தையைக் கைப்பிடித்துக் கூட்டிப்போவதாக நினைத்திருந்தோம். கை யார் கையில் இருந்தது என்று ஒருத்தரும் பார்க்கவில்லை.

ஆனால் ஆக்சிஜனும் சூடும் சர்க்கரையும் கொடுக்க ஆள் வேண்டுமே. இதயம் எத்தனை தைரியசாலியாக இருந்தாலும் அதெல்லாம் வெளியிலிருந்துதான் போயாக வேண்டும். எனக்கு ஒன்று தோன்றியது, சொல்லவே பயமாக இருந்தது.

"டாக்டர், பட்டறையில நாங்க பெட்டியைச் சோதிக்கறப்ப உள்ள ரப்பர் பொம்மை போடுவோம். அந்தப் பொம்மை துடிக்கற மாதிரி துடிக்கும், பெட்டி அது பின்னாடியே போகும். 'வழிகாட்டி: உள்ளிருப்பவர்'னு ஒரு அமைப்பு இருக்குது. பழைய பாடம் ஒண்ணும் வேண்டாம், பெட்டியை வெறுமையா எழுப்பி, குழந்தை என்ன கேக்குதோ அதைக் கொடுன்னு மட்டும் சொல்லலாம். உயிருள்ள குழந்தைக்கு இதைப் போடக் கூடாதுன்னு சட்டமே இருக்குது."

"குழந்தை தப்பாக் கேட்டா?"

"பெட்டி தப்பாத்தான் கொடுக்கும்."

டாக்டர் பவதாரிணியின் பக்கம் திரும்பினார். "அம்மா, இதை நான் மட்டும் முடிவு பண்ண முடியாது. கையால ஓட்டிட்டு உங்க வீட்டுக்காரர் வர்ற வரைக்கும் பாக்கலாம். ஆனா என் கை ஏற்கெனவே தடுமாற ஆரம்பிச்சிடுச்சு. என்ன சொல்றீங்க?"

அவள் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து நின்றாள். அழவில்லை. "பாப்பா கேக்கறதைக் குடுக்கோணும், அவ்வளவுதானுங்களே?"

"அவ்வளவுதான்."

"வயித்துல இருந்திருந்தா நான் அதைத்தானுங்களே செஞ்சிருப்பேன். எனக்கு மட்டும் என்ன பாடம் தெரியும்? போடுங்க."

பிளக்கை மாட்டினேன். எதிலிருந்து என்று கேட்டது. உள்ளிருப்பவரிலிருந்து. எதற்கு? பேழைக்கு. அமுக்கினேன்.

திரை வெறும் கறுப்பாக இருந்தது. அப்புறம் ஒரு கோடு முளைத்தது, தட்டுத்தடுமாறி. குழந்தையின் துடிப்பு கொஞ்சம் ஏறியது, பெட்டி கொஞ்சம் ஆக்சிஜனைக் கூட்டியது. துடிப்பு தணிந்தது, பெட்டியும் தணிந்தது. குழந்தைக்கு விக்கல் வந்தது. பெட்டி எதுவும் செய்யாமல் காத்திருந்தது! விக்கலை நோய் என்று நினைத்து ஓடிவராத பெட்டியை நான் அன்றுதான் பார்க்கிறேன். குழந்தை ஒரு உதை விட்டது, உடனே சர்க்கரை வந்தது. கண்ணயர்ந்தது, வெளிச்சமும் சூடும் ஒரு இழை இறங்கின. கேட்பதும் கொடுப்பதுமாக இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று தொட்டுத் தொட்டு ஓடின. பழைய பெட்டி இரண்டு மாதம் திணறிக் கற்றதை, யாரோ வாங்கிவைத்த டீ ஆறி ஆடை கட்டுவதற்குள் இது செய்துகொண்டிருந்தது.

டாக்டர் ஹலீமா ஏதோ முணுமுணுத்துவிட்டு முகத்தைக் கைகளால் துடைத்துக்கொண்டார். நான் இருபது வருடம் எத்தனையோ செத்த மெஷின்களை எழுப்பியிருக்கிறேன். பிறக்காத ஒன்று, தன்னைக் காப்பாற்ற வந்த மெஷினுக்குத் தானே வழி சொல்லி எழுப்பியதைப் பார்த்ததில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டும் போல இருந்தது. கழற்றியும் விட்டேன். ஜெசிந்தா சிரிப்பாள் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை.

முதல் வேலையாக நகல் எடுத்தேன், புத்தி வந்துவிட்டதே. பச்சை விளக்கு எரிந்தது. திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. பேழையின் கண்ணைத் துடைத்துத் துடைத்து மறுபடி எடுத்தேன், மறுபடியும் வெறுமை. அது பழுது இல்லை என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பெட்டி எதையும் மனப்பாடம் செய்துகொள்ளவில்லை. அந்தந்த நொடிக்குக் கேட்டு அந்தந்த நொடிக்குக் கொடுக்கிறது. எடுத்துவைக்க அதனிடம் எதுவும் இல்லை.

எங்கள் மேனேஜர் போனில் குதித்தார். "அந்தப் பாடத்தைக் காப்பி பண்ணி அனுப்பு, எல்லாப் பேழையிலயும் ஏத்திரலாம்."

"ஒண்ணுமே இல்லீங்க சார் அதுல."

"இல்லாம எப்படி ஓடுது?"

"பாப்பா ஓட்டுதுங்க."

விளையாடுகிறேன் என்று நினைத்தார். இல்லை என்று தெரிந்ததும் கோபம் வந்தது. நகல் இல்லாமல் ஒரு பேழை ஓடக் கூடாது, உடனே பழையபடி மாற்று என்றார். டாக்டர் போனை என் கையிலிருந்து வாங்கி, என் வார்டில் என் பொறுப்பில் ஓடுகிறது என்று சொல்லி வைத்துவிட்டார். ஆனால் அதற்கப்புறம் வந்த வாரங்கள் அவருக்கும் எனக்கும் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்த மாதிரிதான். அந்தக் குழந்தைக்கு ஒன்று ஆனால் திரும்பிப் போக நேற்று என்று ஒன்று இல்லை. வேலை முடித்து வீட்டுக்குப் போகும் வழியில் தினமும் நான் அங்கே ஒரு எட்டுப் பார்த்துவிட்டுத்தான் போவேன்.

"பேக்கப் இல்லாம வெச்சிருக்கறது எனக்குத் தூக்கமே பிடிக்கல அம்மிணி," என்று ஒருநாள் பவதாரிணியிடம் வாய்விட்டுச் சொன்னேன்.

"உங்களுக்கு பேக்கப் இருக்குதுங்களாக்கா?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாள்.

டாக்டருக்கு வேறு கவலை பிடித்துக்கொண்டது. பக்கத்துப் பேழைகளைக் காட்டி, "இவங்களும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்களோ? உங்க மெஷின் காதுலயே போட்டுக்காம இழுத்துட்டுப் போகுதோ?" என்றார். அந்தப் பெற்றோர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். ஒரு வீட்டார் சரி என்றார்கள். இன்னொரு வீட்டார் முடியவே முடியாது, மெஷினே பார்த்துக்கொள்ளட்டும் என்றுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தன் பிள்ளை உயிரைத் தன் பிள்ளை கையிலேயே கொடு என்றால் யாருக்குத்தான் துணிச்சல் வரும்?

நுரையீரல் தேறிவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்று காலையில் என்னையும் வரச் சொன்னார்கள். கொடியை வெட்டியதும் பெட்டியை அணைப்பது என் வேலை. பேழையின் மூடி திறந்தது. டாக்டரின் கைகள் நீருக்குள் போய், வழவழவென்று ஒரு உயிரைத் தூக்கின. கொடியில் இடுக்கி விழுந்தது. குழாயில் ரத்தம் நின்றது. குழந்தை அழவில்லை.

பம்பும் இல்லை, குழாயும் இல்லை. டாக்டர் முதுகைத் தேய்த்தார், உள்ளங்காலைச் சுண்டினார். பவதாரிணியின் கணவன் சென்னியப்பன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். நான் என்ன செய்வதென்று தெரியாமல் திரையைப் பார்த்தேன். கோடுகள் இரண்டும் தட்டையாகக் கிடந்தன. ஒரு வரி வந்திருந்தது.

'வழிகாட்டியைக் காணவில்லை. தேடட்டுமா?'

அப்போது வீல் என்று ஒரு சத்தம். வார்டே திடுக்கிட்டது. மூச்சு வாங்கி மறுபடி வீல். டாக்டர் சிரித்துக்கொண்டே அழுதார். ஜெசிந்தா துண்டில் சுற்றிப் பவதாரிணியின் நெஞ்சில் கொண்டுபோய்ப் போட்டாள். அந்தச் சிறுக்கி அங்கேயும் கத்தினாள், கையை முறுக்கி முறுக்கி, இன்னும் வேண்டும் என்று.

நான் அணைக்கிற பொத்தானில் விரலை வைத்தபடி அப்படியே நின்றுவிட்டேன். அமுக்க வரவில்லை. பவதாரிணி பார்த்துவிட்டாள்.

"என்னங்க்கா கேக்குது அது?"

வாசித்துக் காட்டினேன். அவள் மகளின் ஈரத் தலையில் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

"இங்கதான் இருக்கறாள்னு சொல்லிப்போடுங்க."

அப்படிச் சொல்ல அதில் பொத்தான் எதுவும் இல்லை. நான் பெட்டியின் பக்கம் குனிந்து வாயாலேயே சொன்னேன்.